வென்றவன் வீடு

கொல்லிமலையின் செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடி மாதத்தில் அரசாங்கம் அவனுக்கு விழாவும் எடுக்கிறது. ஓரி விட்ட அம்பு ஒன்று யானையை வீழ்த்தி, புலியின் வாயைத் துளைத்து, மானையும் பன்றியையும் ஊடுருவி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பின்மேல் போய்த் தைத்தது என்று வன்பரணர் புறநானூற்றில் பாடுகிறார். புலவர்களுக்கு உள்ள தாராளத்தை நினைத்து இரண்டு மிருகங்களைக் கழித்துவிட்டாலும் அவன் பெரிய வில்லாளிதான். அப்படிப்பட்டவனைத் திருக்கோவலூர்க் காரி போரில் கொன்றான். கொன்றவனுக்கு மலை கிடைத்ததா என்றால், இல்லை. அதைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான். காரியின் கோவலூரை அதியமான் வென்றான். அதியமானின் தகடூரைச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை அழித்தான். இதில் எது முந்தி, எது பிந்தி என்ற வழக்கைச் சரித்திரக்காரர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். ஓரி, காரி, அதியமான் மூவருமே கடையெழு வள்ளல்களில் சேர்ந்தவர்கள். இரவலனுக்கு இல்லையென்று சொல்லத் தெரியாதவர்கள், ஒருவருக்கொருவர் இடம் கொடுக்கத் தெரியாமல் மாண்டார்கள்.

இந்தக் கதையில் வென்றவன் யார்? காரி என்று சொல்லலாம். அவன் கையில் மலை இல்லை. சேரன் என்று சொல்லலாம். அவன் அம்பு விட்டதாகவே தெரியவில்லை. கேள்வி எளிதாகத் தோன்றுகிறது. பதில்தான் கைக்குள் அகப்படாமல் நழுவுகிறது. சங்க நூல்களைப் படித்த காலத்தில் எனக்கு இந்தக் கேள்வி எழுந்ததில்லை. ஒரு குழந்தையின் நுரையீரலுக்குள் நடக்கும் சண்டையைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகுதான் எழுந்தது.

சேலத்தில் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவருக்குக் கொல்லிமலையில் கொஞ்சம் காப்பியும் மிளகும் உண்டு. அடிமட்டத்திலிருந்து முன்னுக்கு வந்தவர், உழைப்பாளி. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் அவருடைய காரில் கடந்து, தலை சுற்றல் தீராமலே தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். பேச்சு அவருடைய உறவில் ஒரு குழந்தையைப் பற்றித் திரும்பியது. சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்ற நோய். பிறவியிலேயே வருவது. மாதா மாதம் செலவு. அந்தச் செலவில் ஒரு பங்கை நண்பரும் கொடுத்து வருகிறார் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவரைத் தவறாக நினைத்துவிடுவீர்கள்.

"சார், நான் சொல்வது கல்மனசாகப் படலாம். இயற்கையே வேண்டாமென்று தள்ளுகிறதை நாம் எத்தனை நாளைக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க முடியும்? போட்டியிலே தாக்குப் பிடிக்கிறதுதான் வாழும். புல் பூண்டிலிருந்து மனுஷன் வரைக்கும் இதுதானே சட்டம்?" என்றார்.

அவர் இதைச் சொன்னபோது, சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருந்த மிளகுக் கொடிகளின் அடியில் ஓர் ஆள் தொழு உரத்தோடு வெள்ளையாக ஒரு தூளைக் கலந்து போட்டுக்கொண்டிருந்தான். என்னவென்று கேட்டேன். "சூடோமோனாஸ்" என்றான் அவன், ஏதோ பொட்டாஷ், யூரியா என்று சொல்வதுபோல. தமிழ்நாட்டு விவசாயிகள் இன்று சர்வசாதாரணமாகச் சொல்லும் பெயர் அது. மிளகுக்கு வரும் வாடல் நோய் வேரையும் அடித்தண்டையும் அழுகச் செய்து கொடியையே சாய்த்துவிடும். அதற்குக் காரணமான பூசண வகையை மண்ணிலேயே மடக்குவதற்கு இந்த பாக்டீரியாவை இடுகிறார்கள். கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இதில் ஒரு நல்ல ரகத்தைப் பிரித்தெடுத்து, டால்கம் தூளில் கலந்து வழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

நண்பர் பார்த்தும் பார்க்காமலும் இருந்த விஷயம் ஒன்று உண்டு. அந்தக் குழந்தையின் சளிப் பரிசோதனைக் காகிதத்திலும் இதே பெயர்தான் எழுதியிருந்தது. மிளகுக்கு இடுவது சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ். குழந்தையின் மார்பில் இருப்பது சூடோமோனாஸ் ஏருஜினோஸா. ஒரே குலத்துப் பங்காளிகள். ஒன்றுக்குக் காசு கொடுத்துத் தோட்டத்தில் குடியேற்றுகிறார். மற்றொன்றை வெளியேற்றக் காசு கொடுக்கிறார்.

நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நம் உடம்பில் உப்பும் நீரும் செல்களின் சுவரைத் தாண்டிப் போய்வர வாயில்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு வாயிலைச் செய்யும் ஜீன் தாய் தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் கோணலாக வந்து சேர்ந்தால், குழந்தைக்கு அந்த வாயில் சரியாகத் திறப்பதில்லை. தாய்க்கும் தகப்பனுக்கும் ஒரு தொந்தரவும் இராது. தங்களிடம் அது இருப்பதே தெரியாது. ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. அக்காள் மகள், மாமன் மகள் என்று சொந்தத்திலேயே பெண்ணெடுக்கிற நம் வழக்கத்தில் இப்படிப்பட்ட ஒளிந்த கோணல்கள் இரண்டு பக்கமிருந்தும் சந்தித்துக்கொள்ள வசதி அதிகம். வாயில் திறக்காததால் நுரையீரல் குழாய்களில் ஈரம் குறைந்து, சளி பசைபோல் இறுகிவிடுகிறது. கணையத்தின் குழாய்களும் அடைபடுகின்றன. தின்றது உடம்பில் ஒட்டுவதில்லை. வியர்வையில் மட்டும் உப்பு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. நெற்றியில் முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் குழந்தை தங்காது என்று ஐரோப்பியக் கிராமங்களில் ஒரு பழைய நம்பிக்கை இருந்தது. எந்தத் தாய் அதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னாளோ!

நியூயார்க்கில் டோரதி ஆண்டர்சன் என்ற பெண் டாக்டர் 1938-ல் இது ஒரு தனி நோய் என்று விவரித்தார். 1948-ல் அந்நகரில் கடும் வெயில் அடித்தபோது இந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட அதிகமாகச் சுருண்டு விழுந்தார்கள். அந்தத் தடயத்தைப் பிடித்துக்கொண்டு டி சான்ட் ஆக்னீஸ் என்பவர் 1953-ல் வியர்வை உப்பின் ரகசியத்தைக் கண்டார். 1989-ல் ஜீனே அகப்பட்டது. நம் நாட்டில் இந்த நோய் இல்லவே இல்லை என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். இருந்தது, ஆஸ்துமா என்றும், க்ஷயம் என்றும், வெறும் சவலை என்றும் பெயர் சூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. இன்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் டில்லி எய்ம்ஸிலும் இந்தக் குழந்தைகளைப் பார்க்கிறார்கள். சரியான பெயர் கிடைக்காமலே மாண்ட குழந்தைகளின் கணக்கு ஒருவரிடமும் இல்லை.

இனிச் சண்டைக்கு வருவோம்.

சிறு வயதில் அந்தச் சளியில் பெரும்பாலும் முதலில் குடியேறுவது ஸ்டாபிலோகாக்கஸ். நம்மில் பலருடைய மூக்கில் சாதுவாக உட்கார்ந்திருக்கும் பாக்டீரியாதான். சில ஆண்டுகள் கழித்து சூடோமோனாஸ் வருகிறது. மண்ணிலும் தண்ணீரிலும் வளர்ந்த கிராமத்துப் பயில்வான் அது. வந்ததும் ஆயுதங்களை எடுக்கிறது. காயக் கட்டுத் துணிகளில் கறையாகப் படியும் அதன் நீலப்பச்சைச் சாயம் எந்தக் கிருமியின் வேலை என்று 1882-ல் கெஸார் என்ற பிரெஞ்சுக்காரர் காட்டினார். அந்தச் சாயம் ஆயுதங்களில் ஒன்று. பென்ஸிலினுக்கு வெகு காலம் முன்பே, 1899-ல், ஜெர்மானியர் இருவர் இந்தக் கிருமியின் சாற்றையே மற்றக் கிருமிகளைக் கொல்லும் மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள் என்றால் அதன் வீரியத்தை ஊகித்துக்கொள்ளலாம். இன்னொரு பொருள் ஸ்டாபிலோகாக்கஸின் சுவாசத்தையே அடைக்கிறது. மற்றொன்று அதன் சுவரை அறுக்கிறது. அறுபட்டுச் சிந்தியதிலிருந்து இரும்புச் சத்தைப் பொறுக்கிக்கொண்டு சூடோமோனாஸ் மேலும் கொழுக்கிறது. பக்கத்துக் கிருமியின்மேல் பாய்ச்சுவதற்கு ஒரு நுண்ணிய ஈட்டியே இருப்பதை 2006-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். அந்த ஈட்டியை அது கண்டபடி வீசுவதில்லை, தன்னைக் குத்தியவன் பக்கமாகத் திரும்பித்தான் குத்துகிறது என்று 2013-ல் கண்டார்கள். ஓரியின் மலையில் நின்று நினைத்துப் பார்க்கத் தக்க வில்வித்தை.

இதுவரையில் நண்பருடைய சட்டம் சரியாகத்தான் நடக்கிறது. வலுத்தது வந்தது, இளைத்தது சாய்ந்தது. கதை இங்கே முடிந்திருந்தால் நானும் தலையாட்டிவிட்டு வேறு வேலை பார்த்திருப்பேன்.

சுவாசம் அடைபட்ட ஸ்டாபிலோகாக்கஸ் எல்லாம் சாவதில்லை. சில, மூச்சையே அடக்கிக்கொண்டு, வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு, குறுகிப் போய் உயிரை வைத்திருக்கின்றன. பரிசோதனைச் சாலையில் வளர்த்தால் குண்டூசித் தலைபோலச் சிறு சிறு புள்ளிகளாகத்தான் தெரியும். அவசரக்காரர் கண்ணில் படாது. இப்படி ஒடுங்கியவற்றை டோப்ராமைஸின் போன்ற மருந்துகளால் கொல்ல முடிவதில்லை. அந்த மருந்து உள்ளே நுழைவதற்கு அந்த மூச்சின் வேகம் வேண்டும். மூச்சே இல்லாதவனிடம் எந்த வழியாக நுழையும்? சூடோமோனாஸை அழிக்கக் கொடுக்கும் மருந்திலிருந்து, சூடோமோனாஸிடம் பட்ட அடியே ஸ்டாபிலோகாக்கஸைக் காப்பாற்றுகிறது. அடித்துக் குனிய வைத்தவனை ஒழித்துவிட்டதாகக் கணக்கெழுதும் ஜமீன்களையும் சாம்ராஜ்யங்களையும் பற்றி நாவல் எழுதுகிறவர்கள் நாங்கள். எங்கள் கற்பனைக்குக்கூட இவ்வளவு துல்லியமாக இது எட்டியதில்லை.

டாக்டர்கள் சும்மா இருப்பார்களா? முதலில் வரும் ஸ்டாபிலோகாக்கஸை வரவிடாமலே செய்துவிட்டால் என்ன என்று அமெரிக்காவில் கைக்குழந்தைகளுக்கு ஸெஃபலெக்ஸின் என்ற மருந்தை ஆண்டுக் கணக்கில் தினமும் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2002-ல் வெளிவந்தது. ஸ்டாபிலோகாக்கஸ் குறைந்தது, சூடோமோனாஸ் அதிகமாயிற்று, குழந்தைகளின் நுரையீரலுக்கு லாபம் ஒன்றுமில்லை. காரி ஓரியைக் கொன்று மலையைச் சேரனிடம் கொடுத்த கதைதான். எல்லா மருந்துக்கும் இப்படித்தான் ஆகும் என்று நான் சொல்ல வரவில்லை; டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை என் பேச்சைக் கேட்டு ஒருவரும் நிறுத்திவிட வேண்டாம்.

சரி, வென்ற சூடோமோனாஸ் என்ன ஆகிறது? ஆண்டுகள் போகப் போக அதற்கு அந்த வீட்டில் எதிரி குறைந்து, வேலையும் குறைகிறது. நீந்த உதவிய வாலை இழந்துவிடுகிறது. மேலே கோழைபோல் ஒரு போர்வையைச் சுரந்து போர்த்திக்கொள்கிறது. ஆயுதங்களைச் செய்யச் சொல்லும் கட்டளைகளே அதன் ஜீன்களில் அழிந்துபோகின்றன. ஓய்வு பெற்ற போலீஸ்காரர் திண்ணையில் சால்வையோடு உட்கார்ந்திருப்பதுபோல் ஆகிவிடுகிறது. அந்த நிலையில், முன்பு ஓட ஓட விரட்டிய ஸ்டாபிலோகாக்கஸோடு அக்கம்பக்கமாகக் குடித்தனம் செய்வதையும் பல நோயாளிகளிடம் பார்த்திருக்கிறார்கள்.

அதன் குலத்துக்குள்ளேயே இன்னொரு கூத்து. இரும்புச் சத்தைப் பிடித்து வர சூடோமோனாஸ் பசுமஞ்சளாக ஒரு பொருளைச் சுரந்து வெளியே விடுகிறது. வெளியே விட்ட பிறகு அது பொதுச் சொத்து. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கொஞ்ச காலத்தில், தாம் சுரக்காமல் மற்றவை சுரந்ததை மட்டும் வாங்கிக்கொள்ளும் பேர்வழிகள் தோன்றிவிடுகின்றன. உழைக்கிற சூடோமோனாஸ் பக்கத்தில் இருக்கும்வரை வாங்கும் கையை இவை பத்திரமாக வைத்திருக்கின்றன. உழைப்பவை அற்றுப்போனதும் அந்தக் கையையும் விட்டுவிடுகின்றன. டென்மார்க்கில் நோயாளிகளின் சளியிலிருந்து பல்லாண்டுகளாகச் சேர்த்துவைத்த கிருமிகளைக் கொண்டு 2015-ல் இதை எடுத்துக் காட்டினார்கள். கூட்டுக் குடும்பத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் காலம் கழித்தவர்களுக்கு நான் இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

இத்தனையும் நடக்கிற இடம் எது? ஒரு குழந்தையின் மார்பு. சண்டை நடந்தாலும் அது கெடுகிறது. சமாதானம் நடந்தாலும் கெடுகிறது. ஸ்டாபிலோகாக்கஸும் சூடோமோனாஸும் சேர்ந்து குடியிருக்கும் நோயாளிகள் தேறிவிடுவதில்லை. கெடுதலில் பெரும் பங்கு இந்த இரண்டின் கையாலும்கூட நடப்பதில்லை என்பதுதான் விசித்திரம். கிருமிகளை அழிக்க உடம்பே அனுப்பும் வெள்ளை அணுக்கள் கூட்டம் கூட்டமாக வந்து, அந்தப் பசையில் சிக்கி மடிகின்றன. மடியும்போது அவை கொட்டும் திராவகங்கள் குழாயின் சுவரை அரிக்கின்றன. அவற்றின் உடைந்த உள்ளுறுப்புகள் சளியை இன்னும் கெட்டியாக்குகின்றன. எதிரி, எதிரியின் எதிரி, காவல்காரன் எல்லோரும் ஒரே திக்கில்தான் இடிக்கிறார்கள். கடைசியில் சுவாசம் நின்றால் அங்கே குடியிருந்த வெற்றி வீரனும் அதோடு போகிறான்.

தாக்குப் பிடிப்பதே வாழும் என்ற வாசகத்தை நாம் டார்வின் தலையில் கட்டுகிறோம். அதை 1864-ல் செய்து கொடுத்தவர் ஹெர்பர்ட் ஸ்பென்ஸர். டார்வின் பிறகுதான் கடன் வாங்கினார். அதற்குப் பதில் சொல்லவந்த ருஷ்யாவின் கிரபோட்கின், பிராணிகள் ஒன்றுக்கொன்று உதவுவதையெல்லாம் திரட்டி 1902-ல் புத்தகமாக்கினார். நல்ல மனிதர், நல்ல புத்தகம். ஆனால் இருவருமே இயற்கையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றித் தங்கள் கட்சிக்குச் சாதகமாகப் பேசவைக்கப் பார்த்தவர்கள். போட்டிக்கு உதாரணம் வேண்டுமானால் இந்த நுரையீரலிலேயே எடுக்கலாம்; ஒத்துழைப்புக்கு வேண்டுமானால் அதே நுரையீரலில், பத்து வருஷம் கழித்து எடுக்கலாம். இரண்டாலும் அந்தக் குழந்தைக்கு ஒரு வேளை மூச்சு கூடுதலாகக் கிடைக்காது.

நான் நண்பருக்குச் சொல்ல நினைத்தது வேறு. ஆரோக்கியமான நுரையீரலில் இந்த யுத்தம் ஏன் நடப்பதில்லை? அங்கேயும் கிருமிகள் ஒவ்வொரு மூச்சோடும் வரத்தான் வருகின்றன. ஸ்டாபிலோகாக்கஸும் வரும், சூடோமோனாஸும் வரும். ஆனால் அங்கே குழாய்களின் உட்புறமெல்லாம் நுண்ணிய மயிர்கள் விநாடிக்குப் பத்துப் பதினைந்து முறை அசைந்துகொண்டே இருக்கின்றன. அவற்றின்மேல் தண்ணென்ற ஒரு படலம், ஓடும் கால்வாய்போல், தொண்டையை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. வந்தவர்கள் எல்லாரும் அதில் மிதந்து வெளியே போய்விடுகிறார்கள். சண்டைக்கு நின்றால்தானே சண்டை? நோயாளியின் மார்பில் அந்தக் கால்வாய் தூர்ந்துவிட்டது. தேங்கிய இடத்தில் முதலில் வந்தவன், பிறகு வந்தவன், வலுத்தவன், இளைத்தவன் என்ற கணக்கெல்லாம் பிறக்கிறது. நண்பர் இயற்கையின் சட்டம் என்று எதைச் சொன்னாரோ அது இங்கே தேக்கத்தின் சட்டம்.

உடனே ஒரு ஆட்சேபம் எழும், நானே எழுப்பிவிடுகிறேன். அப்படியானால் அந்த மிளகுக் கொடியின் அடியில் என்ன நடக்கிறது? அங்கே இருப்பது ஓடும் கால்வாயா? அங்கேயும் போட்டிதான். சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ் அதே பசுமஞ்சள் பொருளைச் சுரந்து பூசணத்துக்கு இரும்பு கிடைக்காமல் செய்கிறது, விஷமும் வைக்கிறது, கொடியின் சொந்த எதிர்ப்புச் சக்தியையும் தட்டி எழுப்புகிறது. நுரையீரலில் கொலைகாரத் தொழில் என்று நாம் பழிக்கும் அதே கைவேலை அங்கே காவலாக இருக்கிறது. மறுக்க முடியாது. ஆனால் கொல்லிமலை மண்ணில் ஒரு பிடி எடுத்தால் அதில் கோடிக்கணக்கான பாக்டீரியா, ஆயிரக்கணக்கான ஜாதி. மழை வருகிறது, வேர் வளர்கிறது, இலை உதிர்கிறது, மண்புழு புரட்டுகிறது. ஒருவன் வென்றால் அடுத்த மழைவரைக்கும் வென்றான், அவ்வளவுதான். அதனால்தானே அந்தத் தூளை ஒரு முறை இட்டதோடு நிறுத்தாமல் மறுபடியும் மறுபடியும் இடவேண்டியிருக்கிறது! முழுதாக ஜெயிக்க எவனுக்கும் முடியாத இடத்தில் போட்டி காவலாகிறது.

இதே மலையில் முழுதாக ஜெயித்த ஒன்றையும் பார்க்கலாம். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் மரவள்ளி ஏறி நிற்கிறது. கீழே சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகள் வாங்கிக்கொள்கின்றன. ரொக்கம் கைக்கு வருகிறது. ரொக்கம் வேண்டாமென்று மலைவாழ் மக்களுக்கு உபதேசிக்க எனக்கு யோக்யதை கிடையாது. நான் கதைக்குப் பணம் வாங்குகிறவன். ஆனால் வருஷா வருஷம் கிழங்கு பிடுங்கிய சரிவு, மழையில் எப்படிக் கரைகிறது என்பதை அந்த மக்களே சொல்கிறார்கள். 1990-களிலிருந்து சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அங்கே சிறுதானிய விதைகளைத் தேடிச் சேர்த்து, திரும்பப் பயிரிட வழி செய்து வருகிறார்கள். சந்தையில் மரவள்ளியோடு சாமை போட்டி போட்டு ஜெயிக்கும் என்று அவர்களும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். கிண்ணத்தில் விதையாவது இருக்கட்டும் என்ற எண்ணம்தான்.

நண்பரின் வாதத்தில் இன்னும் ஒரு முனை பாக்கி இருக்கிறது, அதுதான் கூர்மையானது. இயற்கை தள்ளிய குழந்தையை இழுத்துப் பிடிக்கலாமா என்றாரே! தள்ளுவது யார்? அந்தக் குழந்தை ஒருவரோடும் போட்டி போடவில்லையே. அது போட்டி நடக்கிற மைதானம். மைதானம் தோற்றுவிட்டது என்று யாராவது சொல்வார்களா? ஆட்டக்காரர்களுக்கு உள்ள சட்டத்தை மைதானத்தின்மேல் சுமத்துகிறோம். பஞ்சத்தில் செத்தவன் போட்டியில் தோற்றவன், கடனில் மூழ்கியவன் போட்டியில் தோற்றவன் என்று சுலபமாகச் சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறோமே, அவர்களில் எத்தனை பேர் ஆட்டக்காரர்கள், எத்தனை பேர் வெறும் மைதானம் என்று பிரித்துப் பார்த்திருக்கிறோமா?

இந்த நோயில் மைதானங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளக்கூட முடியாத நிலை ஒன்று உண்டு. வெங்காயத்தை அழுகச் செய்யும் ஒரு பாக்டீரியாவை வால்ட்டர் பர்க்ஹோல்டர் என்ற அமெரிக்கர் 1950-ல் விவரித்தார். அவருடைய பெயரே அதற்குப் பிற்பாடு அமைந்தது. வெங்காயத்தோடு நின்றிருக்க வேண்டிய அது இந்த நோயாளிகளின் மார்பிலும் ஏறியது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவியது. சிலரை வெகு சீக்கிரத்தில் முடித்துவிட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்தக் குழந்தைகளுக்கென்றே கோடை முகாம்கள் நடந்துவந்தன. தன்னைப்போல் இருமும் இன்னொரு குழந்தையை அங்கேதான் அவர்கள் முதன்முதலாகப் பார்ப்பார்கள். 1990-களில் அவற்றை மூடிவிட்டார்கள். இன்று மேல்நாடுகளில் இந்த நோயுள்ள இருவர் சந்தித்தால் ஆறடி தூரம் விட்டுத்தான் நிற்க வேண்டும் என்பது விதி. தன் கஷ்டம் இன்னதென்று சொல்லாமலே புரிந்துகொள்ளக் கூடிய ஒரே ஆளின் கையைத்தான் தொடக்கூடாது.

சிகிச்சையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி, கிருமியைக் கொல்லாத சிகிச்சைகளைப் பற்றியது. ஆஸ்திரேலியாவில் கடலலையில் பலகை போட்டுச் சறுக்கி விளையாடும் நோயாளிகள் மற்றவர்களைவிடத் தெம்பாக இருப்பதை டாக்டர்கள் கவனித்தார்கள். உப்பு நீரை ஆவியாக இழுத்தால் என்ன என்று சோதித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள்: நூற்றுக்கு ஏழு பங்கு உப்புக் கரைத்த நீர், நாள்தோறும் இரு வேளை. நோய் முற்றிப் படுக்கும் தடவைகள் குறைந்தன. உப்பு, நீரைத் தன் பக்கம் இழுக்கிறது, சளி இளகுகிறது, தூர்ந்த கால்வாய் கொஞ்சம் நகர்கிறது. 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மூன்று மருந்துகளின் கூட்டு, கோணலான அந்த வாயிலையே நிமிர்த்தப் பார்க்கிறது. எடுத்துக்கொண்ட பலருக்குச் சளி நீர்த்து, கிருமிகளின் தொகை வெகுவாகக் குறைந்துவிட்டது, முழுவதும் போய்விடவில்லை. எல்லா வகைக் கோணலுக்கும் அது வேலை செய்யாது. அங்கே அதன் விலை ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல்.

அவ்வளவு பணம் இல்லாத வீடுகளில் உள்ளங்கை இருக்கிறது. விடிந்ததும், குழந்தை எதுவும் சாப்பிடுவதற்கு முன்பு, தாய் அதைத் தன் மடியில் குப்புறச் சாய்த்துக்கொள்கிறாள். கையைக் கிண்ணம்போல் குவித்து முதுகில் இடப்பக்கம், வலப்பக்கம், மேலே, கீழே என்று இடம் மாற்றி மாற்றித் தட்டுகிறாள். அடித்தால் வலிக்கும், தடவினால் பயனில்லை, இரண்டுக்கும் நடுவே ஒரு அளவு இருக்கிறது, அது கைக்குப் பழக வேண்டும். பதினைந்து இருபது நிமிஷம். சாயங்காலம் மறுபடியும். கல்யாணமானாலும் பண்டிகையானாலும் தவறக்கூடாது. குழந்தை இருமிக் காறித் துப்பியதும், கழுவிக் கொட்டுவதற்கு முன்னால், கிண்ணத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் அதன் நிறத்தைப் பார்க்கிறாள்: வெள்ளையா, மஞ்சளா, பச்சை ஏறியிருக்கிறதா என்று.